முதல் கைப்பிடிப் பட்டாணி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் குன்னூருக்கு வந்தால் ஏமாந்துபோவார்கள். அங்கே ஒரு பேக்கரியின் மாடியில் திரிபுரசுந்தரி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தாறு. வியாழக்கிழமை மாலையானால் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார். ஏழெட்டுப் பேர் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வார். பதில் தோன்றாவிட்டால் டீ கொடுப்பார்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் தணிகாசலம். குருவைவிட இருபத்தோரு வயது பெரியவர். தபால் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் கடிதம் பிரித்தவர். எந்த ஊர்க் கடிதம் எந்த அறைக்குள் போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு மனத்தையும் அப்படியே பிரித்து அடுக்கிவிடலாம் என்று நம்பித்தான் அந்த மாடிப்படி ஏறினார். ஏறி ஏழு வருடம் ஆகிறது. எல்லாம் அடங்கிவிட்டது, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று, அவருடைய தங்கை பூங்கோதை.

உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. பதினோரு வருடத்துக்கு முன்பு, ஒரு மார்கழியில், அவர்கள் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மலைக்குளிர் ஆகாது என்று பூங்கோதை அம்மாவை மேட்டுப்பாளையத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். மூன்றாவது வாரம் அம்மா போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில், அத்தனை பேரும் கூடியிருந்த இடத்தில், தணிகாசலம் தங்கையைப் பார்த்து, "அம்மாவைக் கொன்னது நீதான்" என்றார். பூங்கோதை ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒன்றரை மணி நேரப் பஸ்தான்.

ஐப்பசி பிறந்த வாரத்தில், பூங்கோதையின் மகள் யாழினி சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றாள். சின்னப் பெண்ணாகப் பார்த்தது. இப்போது தணிகாசலத்தின் உயரம்.

"மாமா, தை மாசம் எனக்குக் கல்யாணம். நீங்கதான் என்னை மேடைக்குக் கூட்டிட்டு வரணும். தாய்மாமன் நீங்க இருக்கறப்ப வேற யாரோ கூட்டிட்டு வர்றது எனக்கு வேண்டாம்."

"உங்கம்மா சொல்லி அனுப்பிச்சாளா?"

"அம்மா ஒண்ணும் சொல்லலை. நான் போயிட்டு வர்றேன்னு சொன்னேன். ஸ்வெட்டர் எடுத்துக்கோன்னாங்க."

தணிகாசலத்தின் மனைவி அம்சவேணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, வாங்கிவந்த இனிப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, யாழினி மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பிப்போனாள். தணிகாசலம் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை வரும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மற்றவர்கள் கலைந்த பிறகு அவர் குருவிடம் கேட்டார்.

"போகலாமா, வேண்டாமாங்கம்மா?"

"போகணும்னு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஆனா நான் இன்னும் பக்குவப்படலை. அவ முகத்தை நெனச்சாலே இங்கே எரியுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இந்த எரிச்சலோட போனா மறுபடியும் ஏதாவது வாயை விட்டுடுவேன். இது சுத்தமா அடங்கட்டும். அப்புறம் போய் மன்னிப்புக் கேட்டா, அதுல உண்மை இருக்கும். தை மாசத்துக்குள்ள நான் பக்குவமாயிடுவேனா? நீங்கதான் சொல்லணும்."

திரிபுரசுந்தரி மெஷின் டிராயரைத் திறந்தார். பித்தான்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவே ஒரு காகிதப் பொட்டலம். அதிலிருந்து பன்னிரண்டு பட்டாணி விதைகளை எண்ணித் தணிகாசலத்தின் உள்ளங்கையில் போட்டார்.

"வீட்டுல பழைய வாளி இருக்குதுங்களா?"

"பெயிண்ட் வாளி மூணு சும்மா கிடக்குது."

"அதுல இதைப் போட்டு வளருங்க. காய்ச்சதும் எனக்கு ஒரு கைப்பிடி கொண்டுவாங்க ஐயா. அப்பப் பேசுவோம்."

மிச்சத்தை மடித்து டிராயருக்குள் போட்டுவிட்டு, டீ வைக்க எழுந்துபோனார்.

தணிகாசலத்துக்குப் பரீட்சை என்றால் உயிர். இலாகாப் பரீட்சை ஒன்றில்கூட இரண்டாம் தடவை உட்காராதவர். இதையும் விடுவாரா? வாளிகளின் அடியில் ஆணியைக் காய்ச்சித் துளை போட்டார். செம்மண், மணல், மட்கிய சாணம் எல்லாவற்றையும் சலித்துக் கலந்தார். விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, வாளிக்கு நான்காக, விரல் முட்டி ஆழத்தில் ஊன்றினார். பால்கனியில் காலை வெயில் விழும் பக்கம் மூன்றையும் வரிசையாக வைத்தார். வரிசை கோணியிருக்கிறதா என்று தள்ளி நின்றும் பார்த்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள்வரை ஒன்றும் தெரியவில்லை. பொறுக்காமல் ஒரு விதையைக் கிளறிப் பார்த்தார். அது அப்போதுதான் வேர் விட்டிருந்தது. அதோடு அது போயிற்று. மற்ற பதினொன்றும் எட்டாம் நாள் தலைகாட்டின.

"நம்ம பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு ரெண்டே தடவைதான் வந்தீங்க" என்றார் அம்சவேணி. "இதை நாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்க்கறீங்க."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குச்சி நட்டார். கொடியிலிருந்து நீளும் சுருள்கம்பிகள் எந்தக் குச்சியைப் பிடிப்பது என்று காற்றில் தடுமாறும்போது, ஒவ்வொன்றையும் அதனதன் குச்சிக்குத் திருப்பிவிட்டார். குரங்கு வரும் ஊர் என்பதால் பால்கனி முழுக்க வலை கட்டினார். நாற்பத்திரண்டாம் நாள் முதல் வெள்ளைப்பூ. அன்று காலைப் பலகாரம் சாப்பிட மறந்துபோனார்.

மார்கழி நடுவில் நான்கு காய்கள் நிறைந்துவிட்டன. மேலே சின்னச் சின்னதாக இருபது முப்பது வந்துகொண்டிருந்தன. அம்சவேணி வலைக்குள் கையை விட்டார்.

"தொடாதே!"

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? நாலு காய் இருக்கு. குருமாவுல போட்டா வாசனையா இருக்கும்."

"முதல் காய் குருவுக்கு."

"சரி, பறிச்சுக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க. அடுத்ததை நான் எடுத்துக்கறேன்."

"குருவுக்குப் போய் நாலு காயா கொடுக்கறது? ஒரு கைப்பிடி கேட்டிருக்காங்க. எல்லாம் ஒரே மாதிரி நிறையட்டும்."

அவர்கள் வீட்டில் அது பரம்பரை வழக்கம். மா காய்த்தாலும் அவரை காய்த்தாலும் முதல் பறிப்பு சாமிக்கோ பெரியவர்களுக்கோ போகும். அதற்கு முன்னால் ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள். குறையில்லாததாகப் பொறுக்கிக் கொடுப்பார்கள். தணிகாசலம் அந்த வழக்கத்தைத் தபால் ஊழியருக்கே உரிய ஒழுங்கோடு கடைப்பிடித்தார். கீழே நான்கு நிறைந்திருந்தால் மேலே பத்துப் பிஞ்சாக இருந்தது. பிஞ்சு நிறைவதற்குள் இன்னும் மேலே பிஞ்சு வந்தது. இதில் ஒரே மாதிரி எப்போது ஆவது? அம்சவேணி இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, கடையில் உறைந்த பட்டாணிப் பாக்கெட் வாங்கிக் குருமா வைத்தார். அவருக்கு உள்ளூர வருத்தம்தான். தணிகாசலம் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்றில் திரிபுரசுந்தரியே கேட்டார்.

"காய்ச்சுதுங்களா?"

"காய்ச்சிருக்குங்க. இன்னும் நிறையணும்."

"ருசி பார்த்தீங்களா?"

"உங்களுக்குக் கொடுக்காம நான் எப்படிங்கம்மா வாயில வைப்பேன்?"

குரு ஊசிக்குள் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்தது. கீழ்க்காய்கள் வெளுத்து மஞ்சளாயின. முதலில் அது நல்ல அறிகுறி என்றுதான் தணிகாசலம் நினைத்தார்; கையில் எடுத்தால் கனமாக இருந்தன. பிறகு அடியிலை காய்ந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு வேளை ஊற்றினார். உரம் போதவில்லையோ என்று மண்புழு உரம் வாங்கிப் போட்டார். ஒரு நாள் காலை பார்த்தபோது மூன்று வாளியிலும் சேர்த்து ஒரு பூகூட இல்லை. இனிமேல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்சவேணி பெட்டி கட்டினார். யாழினிக்கு எடுத்த பட்டுப்புடவையை மேலாக வைத்து மூடினார். கணவருடைய பட்டுவேட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"நாலு மணி பஸ்ஸுல நான் போறேன். வேட்டி இங்கே இருக்கு. வர்றதா இருந்தா நீங்களே பெட்டியில வச்சுக்குங்க. நான் வைக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தணிகாசலத்துக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் பால்கனிக்குப் போய், இருந்த காய் முழுவதையும் பறித்தார். பித்தளைத் தட்டில் வாழையிலை போட்டுப் பரப்பினார். துண்டால் மூடிக்கொண்டு பேக்கரி மாடிக்கு ஏறினார்.

திரிபுரசுந்தரி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தினார்.

"முதல் பறிப்புங்கம்மா. வீட்டுல யாரும் தொடலை."

குரு ஒரு காயை எடுத்து உடைத்தார். பட்டாணிகள் மெஷின் பலகைமேல் விழுந்து கடகடவென்று உருண்டன. ஒன்றைப் பிடித்து வாயில் போட்டு, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றினார். கடித்துப் பார்த்தார். பிறகு வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா முத்தியிருக்குதுங்க."

தணிகாசலத்தின் முகம் வாடிவிட்டது. "ஆமாங்க. கொஞ்சம் கடைசிவரைக்கும் விட்டுட்டேன்."

"இருபது நாளைக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"தெரியாதுங்க. சாப்பிடலை."

"வீட்டுல அவங்க?"

"கேட்டா. நான் கொடுக்கலை."

திரிபுரசுந்தரி எழுந்து பின்பக்கக் கதவைத் திறந்தார். அங்கே துணி உலர்த்தும் இடத்தில் இரண்டு பிஸ்கட் டின்கள். பட்டாணிக் கொடி ஒன்று துணிக்கயிற்றில் ஏறியிருந்தது. ஒன்று குரங்கு ஒடித்துத் தரையில் கிடந்தபடியே வளர்ந்திருந்தது. ஒழுங்கு என்பது மருந்துக்குக்கூட இல்லை. ஆனால் இரண்டிலும் வெள்ளைப்பூ பூத்திருந்தது. பூவுக்குக் கீழே பச்சைக்காய் தொங்கியது.

"இதை எப்பங்க போட்டீங்க?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாள். அதே பொட்டலம்தான்."

"இன்னும் பூக்குதே!"

"பறிச்சுக்கிட்டே இருந்தேனுங்க."

"முதல் பறிப்பை யாருக்குக் கொடுத்தீங்க?"

"குரங்கு தின்னுட்டுப் போச்சு. அது என்னைக் கேட்கலை. அடுத்தது பேக்கரி வீட்டுக்கு. அப்புறம் நானே தின்னேன், வந்தவங்களுக்கும் கொடுத்தேன்."

"ஒரு தடவைக்கு எத்தனை காய் கிடைச்சுது?"

"மூணு, நாலு."

"நாலு காய் யாருக்குங்க போதும்?"

"அன்னிக்குப் போதும். ரெண்டு நாள் விட்டுப் பார்த்தா, மறுபடி நாலு."

தணிகாசலம் தரையில் கிடந்த கொடியைக் குனிந்து பார்த்தார். அவருக்கு வயிறு எரிந்தது. குச்சி இல்லை, வலை இல்லை, சலித்த மண் இல்லை.

"என்னோடது ஏன் நின்னுபோச்சு? நான் ஒரு குறையும் வைக்கலையே."

"விட்டு வச்ச காய் உள்ளே விதையாயிடுச்சுங்க. விதையானா செடிக்கு வந்த வேலை முடிஞ்சுது. அப்புறம் எதுக்குப் பூக்கணும்?"

"விதையானா நல்லதுதானே?"

"விதைக்கறவங்களுக்கு நல்லதுதான். பசிச்சு வந்தவங்களுக்கு?"

குரு ஒரு காயைப் பறித்து நீட்டினார். தணிகாசலம் வாங்கத் தயங்கினார். பிறகு வாங்கி உடைத்தார். ஆறு மணிகள். ஓரத்தில் இருந்தது கடுகைவிடக் கொஞ்சம் பெரியது.

"இது இன்னும் முழுசாகலையே."

"சாப்பிடுங்க."

சாப்பிட்டார். இனிப்பு என்றால் அப்படியொரு இனிப்பு. அந்தச் சின்னது எல்லாவற்றையும்விட இனித்தது. அவருக்கு அம்சவேணியின் நினைவு வந்தது. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் கொடுக்கவில்லை.  துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

குரு காயப்போட்ட துணிகளை மடிக்க ஆரம்பித்தார். அவசரம் காட்டவில்லை.

"ஒண்ணு சொல்லணுங்கம்மா" என்றார் தணிகாசலம்.

"சொல்லுங்க ஐயா."

"எங்கம்மாவைத் தங்கச்சி கூட்டிட்டுப் போகலை. நான்தான் அனுப்பிச்சேன்."

குரு மடிப்பதை நிறுத்தினார்.

"அம்சவேணி அப்ப மக பிரசவத்துக்குப் போயிருந்தா. அம்மா ராத்திரி பூரா இருமுவாங்க. எனக்குத் தூக்கமில்லை, விடிஞ்சா வேலைக்குப் போகணும். ஒரு நாள் முடியாமத் தங்கச்சிக்கு ஃபோன் பண்ணி, 'கொஞ்ச நாள் நீ வச்சுக்கோ'ன்னு சொன்னேன். 'இந்தக் குளிர்ல அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்ணா, நான் வேணா அங்கே வந்து பார்த்துக்கறேன்'னு அவ சொன்னா. நான் கேட்கலை. சால்வையைச் சுத்தி பஸ்ல ஏத்திவிட்டவன் நான். அம்மா ஜன்னல் வழியா என்னைப் பார்த்துக்கிட்டே போனாங்க."

 முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சாவு வீட்டுல எல்லாரும் கேட்டாங்க, எதுக்கு அந்த நெலமையில அங்கே கொண்டுபோனீங்கன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அவ மேல பழியைப் போட்டுட்டேன். அத்தனை பேர் முன்னாடி. அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் மானம் போயிருக்கும். அவ சொல்லலை. இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. எரியறது அவ மேல இல்லைங்கம்மா."

கீழே பேக்கரியில் யாரோ ரொட்டித் தட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. குரு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இதெல்லாம் அடங்கினப்புறம் போகணும்னுதான் இருந்தேன்" என்றார் தணிகாசலம். "சுத்தமான மனுஷனா அவ முன்னாடி போய் நிக்கணும்னு."

"சுத்தமானப்புறம் அங்கே போய் என்னங்க பண்ணப்போறீங்க?"

தணிகாசலம் கையிலிருந்த வெறும் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, குழந்தை கேட்பது போலக் கேட்டார்.

"இந்த எரிச்சல் எப்பங்கம்மா தீரும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றார் திரிபுரசுந்தரி. "கல்யாணம் நாளைக்கு."